இரண்டு தெருவுக்கும் நடுவில் ஒரு பறவை

நாற்பத்தொன்பது வயதில் கைபேசியை ஏந்திக்கொண்டு தெருத்தெருவாகப் பறவை பிடிக்கப் போன ஆசாமி நான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். என்னிடம் வேதியியல் படிக்கும் பிள்ளைகள் ஏற்கெனவே வயிறு வலிக்கச் சிரித்து முடித்துவிட்டார்கள்.

ஆரம்பித்து வைத்தது என் மகள். கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். எனக்குச் சர்க்கரை வியாதி வந்து பதினொரு வருடம், ஊசி போட ஆரம்பித்து மூன்று வருடம். தினமும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். காரணமில்லாமல் ஒரு தெருவில் போய்த் திரும்பி வருவது எனக்குக் கிறுக்குத்தனமாகத் தெரியும். போன தீபாவளிக்கு வந்தவள் என் கைபேசியில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். நாம் நடக்க நடக்க, நம் ஊர்த் தெருக்களின் வரைபடத்தில் விதவிதமான பிராணிகள் முளைக்கும். பக்கத்தில் போய்ப் பந்தை எறிந்து பிடித்துச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு மாதத்தில் நான் காலையிலும் மாலையிலும் காரைக்குடியைச் சுற்றத் தொடங்கிவிட்டேன். "பைத்தியம் முத்திப் போச்சு" என்றாள் என் மனைவி. ஆனால் சர்க்கரை இறங்கியதில் அவளுக்கும் சந்தோஷம்தான்.

விளையாட்டில் இன்னொரு வசதியும் உண்டு. கோயில், பழைய வீடு, சிலை என்று ஊரில் பார்க்கத்தக்க இடங்களில் எல்லாம் ஒரு நிலையம் இருக்கும். அதைத் திரையில் தொட்டுச் சுழற்றினால் பரிசுப் பொட்டலம் ஒன்று கிடைக்கும். அதை நண்பருக்கு அனுப்பலாம். பொட்டலத்தில் அந்த இடத்தின் படம் ஒட்டியிருக்கும். எனக்கு அதில் இருந்த ஒரே நண்பர் என் மகள். தினமும் ஒன்று அனுப்பிவிடுவேன். அவள் அதைத் திறந்தால், அப்பா இன்றைக்கும் நடந்தார் என்று அவளுக்குத் தெரியும்.

மார்கழியில் ஒரு குட்டிப் பறவை கிடைத்தது. பச்சை உருண்டை. பறக்கத் தெரியாது, தத்தித் தத்திப் போகும். முகத்துக்கு நேரே வெறித்துப் பார்க்கும். அதன் பேர் என் வாயில் நுழையாததால் பச்சை என்றே வைத்துக்கொண்டேன். மகளிடம் தொலைபேசியில் சொன்னபோது, அது வளர்ந்தால் பெரிய பறவையாக மாறும் என்றாள்.

"பெருசு ரொம்ப விசித்திரமானதுப்பா. வலது கண்ணால வரப்போறதப் பாக்குமாம், இடது கண்ணால நடந்து முடிஞ்சதப் பாக்குமாம். பகல் பூரா ஒரே எடத்துல அசையாம நிக்கும்."

"அது ஏன் அசையாம நிக்குது?"

"வரப்போறதப் பாத்துட்டுப் பயந்து போயி நிக்குதாம். ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேங்குது."

நான் சிரித்தேன். தொலைபேசியை வைத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அது என்னைப் பற்றிச் சொன்னது போலவே இருந்தது.

என் அப்பாவுக்கும் சர்க்கரைதான். ஒக்கூர்ப் பக்கம் வயலில் கருவை முள் ஒன்று அவர் இடது உள்ளங்காலில் ஏறியது. ஏறியது அவருக்குத் தெரியவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் நாங்கள் பார்த்தோம். முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே. அடுத்த ஆடிக்கு அவர் இல்லை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான். எனக்கு இடது கண், வலது கண் என்று தனித்தனியாகத் தேவையே இல்லை. நடந்ததும் நடக்கப்போவதும் எனக்கு ஒரே படம்தான்.

இந்தத் தை மாதத்தில் ஒரு நாள் பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தேன். வாசற்படியில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோது இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. எவ்வளவு தூரம் வெறுங்காலோடு வந்தேன் என்றும் தெரியவில்லை. திரும்பிப் போய்த் தேடினேன். மூன்று தெரு தாண்டிச் சாக்கடை ஓரத்தில் கிடந்தது. அதை எடுத்து மாட்டிக்கொண்டு, யாரும் பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மருத்துவரிடம்கூடச் சொல்லவில்லை. "காலெல்லாம் நல்லா இருக்கா?" என்று அவர் கேட்டார். "நல்லா இருக்கு சார்" என்றேன். நான் படித்தவன், பாடம் நடத்துகிறவன். இருந்தும் வாயைத் திறக்க முடியவில்லை. அவ்வளவு பயம்.

இனி அந்த நாள். மே மாதம், பள்ளி விடுமுறை. காலை நடை முடிந்து, ஊசி போட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பத்தரை மணிக்குக் கைபேசியைத் திறந்தால், வளர்ந்த பறவை பக்கத்தில் எங்கோ நிற்பதாகக் காட்டியது. நான் ஐந்து மாதமாகத் தேடிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு மேல் வெயிலில் இறங்கக் கூடாது என்பது என் மனைவியின் கட்டளை. "நூலகம் வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்" என்று பொய் சொன்னேன். "பன்னெண்டரைக்கு வந்துருங்க, ஊசி போட்டிருக்கீக" என்றாள். எப்போதும் என் சட்டைப் பையில் நான்கு மிட்டாய் போட்டு வைப்பாள், சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள. அவசரத்தில் வேறு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பறவை நின்றது நான்கு தெரு தள்ளி, ஒரு பெரிய செட்டியார் வீட்டில். எங்கள் ஊர்ப் பெரிய வீடுகள் பலவற்றுக்கு இரண்டு தெரு. முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும். கட்டுக் கட்டாக முற்றங்கள் போய், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். முன்தெருவில் நின்று பார்த்தேன், பறவை எட்டவில்லை. சுற்றிக்கொண்டு பின்தெருவுக்குப் போனேன், அங்கிருந்தும் எட்டவில்லை. சரியாக நடுமுற்றத்தில் நின்றது. மறுபடி முன்வாசலுக்கு வந்தேன். வாசல் திறந்திருந்தது. அங்கே உள்ள நிலையத்தைச் சுழற்றி, வழக்கம்போல் மகளுக்குப் பொட்டலம் அனுப்பினேன்.

வீட்டைக் கூட்டிப் பெருக்கும் அம்மா உள்ளே இருந்தார். அவர் மகள் என்னிடம் படித்தவள். அந்த வீடு இரண்டு பங்காளிகளுக்குச் சொந்தம், இரண்டு பேரும் வெளியூர். முன்கட்டுச் சாவி இந்த அம்மாவிடம். பின்கட்டுச் சாவி இன்னொரு பங்காளியின் ஆளிடம். முதலாளிகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லாததால் இந்த இருவருக்குள்ளும் இல்லை.

"உள்ள போயி முத்தத்தப் பாத்துக்கிறட்டுமா?" என்று கேட்டேன். பறவை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"தாராளமாப் பாருங்க சார். நான் திருப்பத்தூர் சந்தைக்குக் கிளம்பிக்கிட்டு இருக்கேன். பூட்டணும்."

"நீங்க பூட்டிக்கிட்டுப் போங்கம்மா. நான் அங்குட்டுப் பின்வாசல் வழியாப் போயிர்றேன். எனக்கு அதுதான் கிட்ட."

இதில் விசேஷம் ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு இப்படி வீட்டுக்குள் புகுந்து போவது சின்ன வயதிலிருந்தே பழக்கம். பின்கட்டு ஆள் தினமும் பன்னிரண்டு வரை கதவைத் திறந்து வைத்திருப்பதை நடக்கும்போது பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவும் அதையே நினைத்து, சரி என்றார்.

செருப்பைக் கழற்றினேன். பின்வாசலில் தேவைப்படும் என்று கையில் இருந்த துணிப்பையில் போட்டுக்கொண்டேன். வெறுங்காலோடு ஓர் அடிகூட நடக்கக் கூடாது என்று மருத்துவர் நூறு முறை சொல்லியிருக்கிறார். ஆனால் குடியிருப்பவர் இல்லாத வீடானாலும் உள்ளே சாமி அறை இருக்கிறது. செருப்புக் காலோடு உள்ளே போக எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஊரில் யாருக்கும் வராது.

நடுமுற்றத்தில் பறவை நின்றது. திரையில்தான், ஆனால் கேமராவின் வழியே பார்க்கையில் அந்தத் தேக்குத் தூண்களுக்கு நடுவே நிஜமாகவே நிற்பது போல் இருந்தது. பச்சை உடம்பு, மடித்துப் போர்த்திய வெள்ளைச் சிறகு, மார்பில் இரண்டு கண் வரைந்தது போல ஒரு கோலம். அது சிறகடிக்கவில்லை, தலையைத் திருப்பவில்லை. என்னையே பார்த்தது. நான்கு பந்து எறிந்தேன், நான்கும் வீண். ஐந்தாவதில் அடங்கியது. சின்னப் பிள்ளை மாதிரி எனக்குச் சந்தோஷம். பிறகுதான் பார்த்தேன், மின்கலம் இரண்டு சதவீதம்.

பின்வாசலுக்கு நடந்தேன். கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன், அசையவில்லை. இடுக்கில் பார்த்தால் வெளியே பூட்டுத் தொங்குகிறது. அன்றைக்கு ஒக்கூரில் ஒரு காதுகுத்து, அந்த ஆள் சீக்கிரமே பூட்டிக்கொண்டு போய்விட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவருடைய பின்கட்டில் யாரும் இல்லை, முன்கட்டில் யார் இருந்தால் அவருக்கென்ன. முன்வாசலுக்கு ஓடினேன். அங்கும் வெளியே பூட்டு. அந்த அம்மா இந்நேரம் பேருந்தில் இருப்பார்.

மனைவியைக் கூப்பிட்டேன். ஒரு முறை மணி அடித்தது. இரண்டாவது முறை அடிப்பதற்குள் திரை கறுத்துவிட்டது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பேட்டரியைத் தின்ற விளையாட்டின் மேல், காதுகுத்தின் மேல், ஒரு வீட்டுக்கு இரண்டு பூட்டுப் போடும் பங்காளிகளின் மேல். கதவைத் தட்டினேன். பர்மாத் தேக்கு, நான்கு விரல் கனம். என் கை வலித்ததே தவிரச் சத்தம் வெளியே போகவில்லை. ஜன்னலில் நின்று கத்தினேன். முன்தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடப்பவை. மே மாத வெயிலில் நாய்கூடத் தெருவில் இல்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டியது.

பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டே முக்கால். காலையில் போட்ட ஊசி உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். மதியச் சோறு இல்லாமல் அது சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். சட்டைப் பையைத் தடவினேன். வெறும் பை. அப்போதுதான் நிஜமான பயம் வந்தது.

ஒன்றேகாலுக்கு வியர்த்தது. வெயில் வியர்வை அல்ல, அது சில்லென்று இருந்தது. விரல்கள் நடுங்கின. முற்றத்தின் தூண்கள் விலகி விலகி ஒட்டின. நான் நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இங்கே வந்து பார்க்க யாருக்கும் தோன்றாது. அந்த அம்மா இனி நாளைக் காலையில்தான் கதவைத் திறப்பார். திறந்தால் என்ன பார்ப்பார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. முற்றத்தில் விழுந்து கிடக்கிற ஒரு வாத்தியார், கையில் செத்துப்போன கைபேசி. என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஊர் கேட்கும். பறவை பிடித்துக்கொண்டிருந்தார் என்று என் மகள் சொல்ல வேண்டும். அதை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. ஆம், அழுதேன்.

எழுந்து தூண் தூணாகப் பிடித்துக்கொண்டு முன்கட்டுக்கு வந்தேன். அந்த அம்மா டீ போட்டுக் குடிக்க மூலையில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு வைத்திருந்தார். பக்கத்தில் இரண்டு டப்பா. ஒன்றில் டீத்தூள். மற்றதைத் திறக்க முடியாமல் பல்லால் கடித்துத் திறந்தேன். சர்க்கரை. மேலெல்லாம் எறும்பு. ஊதக்கூட இல்லை. அள்ளி அள்ளி வாயில் போட்டேன். பதினொரு வருடமாக நான் கண்ணால் பார்த்துவிட்டு நகர்ந்த சர்க்கரையை எறும்போடு சேர்த்துத் தின்றேன். நாக்கில் ஒன்று கடித்தது.

கால் மணி நேரத்தில் நடுக்கம் குறைந்தது. சாகமாட்டேன் என்று தெரிந்தது. சுவரில் சாய்ந்து மூச்சு விட்டேன்.

தலையை நிமிர்த்தியபோது தரையைப் பார்த்தேன். வெள்ளையும் நீலமுமாகப் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல். அதன்மேல் சிவப்பாகத் தடம் ஒன்று போயிருந்தது. முற்றத்திலிருந்து பின்கட்டுக்கு, பின்கட்டிலிருந்து முன்வாசலுக்கு, முன்வாசலிலிருந்து ஜன்னலுக்கு, ஜன்னலிலிருந்து மறுபடி முற்றத்துக்கு, அங்கிருந்து அடுப்பு மூலைக்கு. யாரோ அடிபட்டு நடந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். தடம் என்னிடம் வந்து முடிந்திருந்தது.

இடது காலைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்காலில் பெருவிரலுக்குக் கீழே ஒரு ஆணி, கொண்டை வரை இறங்கியிருந்தது. பழைய மரவேலையிலிருந்து விழுந்த துருப்பிடித்த ஆணி. அதன்மேல் நான் இந்த வீடு முழுக்க ஓடியிருக்கிறேன். வலிக்கவில்லை. கொஞ்சம்கூட வலிக்கவில்லை. விரலால் கொண்டையை அழுத்தினேன். அழுத்துகிற விரலுக்குத்தான் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை.

பூட்டிய கதவுக்குப் பயந்தது, சர்க்கரை இறங்கியதற்குப் பயந்தது எல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. அப்பாவின் கால் அது. அதே பாதம், அதே இடதுபக்கம். நான் எழவில்லை, கத்தவில்லை, ஆணியைப் பிடுங்கவும் இல்லை. காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்தப் பறவை ஏன் நகர்வதில்லை என்று அப்போது எனக்குப் புரிந்தது. எங்குட்டு அடி எடுத்து வைத்தாலும் அங்கேதான் போய்ச் சேரும் என்று பார்த்துவிட்டவன் எதற்கு எழுந்திருக்க வேண்டும்.

இரண்டேகால் மணிக்குப் பின்கட்டில் பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது. என் மனைவி ஓடி வந்தாள். ஒற்றை மணி அடித்து நின்ற என் அழைப்பைப் பார்த்துத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறாள், அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று வந்திருக்கிறது. நூலகத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள், அன்றைக்கு நூலகம் விடுமுறை. மகளைக் கூப்பிட்டு அழுதிருக்கிறாள். மகள் விளையாட்டைத் திறந்து, நான் கடைசியாக அனுப்பிய பொட்டலத்தின் படத்தை அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறாள். முகப்பில் கஜலட்சுமி சிற்பம் வைத்த வாசல். எங்கள் ஊரில் பிறந்தவளுக்கு அது போதும். முன்வாசலில் பூட்டைப் பார்த்ததும் நிற்காமல் பின்தெருவுக்குச் சுற்றிக்கொண்டு போய், அங்கும் பூட்டியிருக்க, நான் உள்ளே மாட்டிக்கொண்டிருப்பேன் என்று ஊகித்து, காதுகுத்துக்குப் போனவர் வீட்டில் சாவி வாங்கி வந்திருக்கிறாள்.

நான் அவசரமாகக் காலை வேட்டிக்குள் மறைத்தேன். அந்த நிலையிலும் மறைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

அவள் தரையில் தடத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். என் முன்னால் உட்கார்ந்து வேட்டியை விலக்கிப் பார்த்தாள். முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"எத்தன மாசமா மரத்துப் போயிக் கெடக்கு?" என்றாள்.

"எது?"

"எங்கிட்டப் பொய் சொல்லாதீக. எனக்கு மாசியிலேயே தெரியும். செருப்பு கழண்டது தெரியாம நம்ம வீட்டு முத்தத்துல நடந்துக்கிட்டு இருந்தீக. மறுநா மத்தியானம் நீங்க படுத்துத் தூங்கையில ஊக்கை எடுத்து உள்ளங்கால்ல குத்திப் பாத்தேன். நீங்க அசையல."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?" என்றாள். பிறகு குரல் உடைந்தது. "சொல்லிட்டா நெசமாயிரும்னு பயந்து போயி இருந்தேன். தெனம் நீங்க நடந்துட்டு வந்து படுத்ததும் காலத் திருப்பித் திருப்பிப் பாப்பேன். காயம் இல்லைன்னா அன்னைக்குப் பொழுது போச்சு."

மூன்று மாதம் ஒரே வீட்டில், ஒரே காலைப் பார்த்துக்கொண்டு, இரண்டு பேரும் அசையாமல் நின்றிருக்கிறோம்.

ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போனோம். ஆணியை எடுத்து, புண்ணைக் கழுவி, கட்டுப் போட்டு, ஊசி போட்டார் மருத்துவர். ஆழம்தான், ஆனால் அதே நாளில் வந்ததால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அப்பா வந்தது எத்தனையாவது நாளில் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பிறகு மருத்துவர் நைலான் நரம்பு ஒன்றைக் கையில் எடுத்தார். மீன்பிடி நரம்பு மாதிரி மெல்லியது.

"கண்ண மூடிக்கங்க சார். இத வச்சு ரெண்டு கால்லயும் அங்கங்க தொடுவேன். தொடுறது தெரிஞ்சா சொல்லுங்க."

கண்ணை மூடினேன். அறையில் மின்விசிறி ஓடியது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். காலை முழுதாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில் என் வாய் தானாகத் திறந்தது.

"தெரியுது" என்றேன்.

"இங்கயும் தெரியுது" என்றேன்.

என் மனைவி தோளைத் தொட்டாள். "அவுக இன்னும் தொடவே இல்லைங்க" என்றாள், மெதுவாக.

நான் கண்ணைத் திறக்கவில்லை. அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன்.

"ஆரம்பிங்க சார்" என்றேன்.

ரொம்ப நேரம் கழித்து மருத்துவர், "இப்ப?" என்று கேட்டார்.

"தெரியலை" என்றேன்.